நீலம் எண்பத்தைந்து

அச்சகத்தில் அவரை எல்லோரும் ஓகே அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மருந்து அட்டைப்பெட்டி, பிஸ்கட் உறை, சோப்புக் காகிதம், எதுவானாலும் எந்திரத்திலிருந்து விழும் முதல் தாள் அவரிடம்தான் போக வேண்டும். அவர் அதை லைட் பெட்டிக்குள் வைப்பார். உள்பக்கம் முழுக்கச் சாம்பல் வண்ணம் அடித்து, மேலே பகல் வெளிச்சம் போலவே எரியும் குழல் விளக்கு மாட்டிய பெட்டி அது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். பிறகு பேனாவை எடுத்து ஓரத்தில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம்தான் எந்திரம் ஓடும். முதலாளியே வந்து நின்று கையைப் பிசைந்தாலும் அதற்கு முன்னால் ஓடாது. இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான்.

அதில் அவருக்குக் கர்வம் கிடையாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். “இந்தச் சுவரும் அந்தச் சுவரும் ஒரே டப்பா பெயிண்ட் இல்லியே?” என்பார். வீட்டுக்காரர் திருதிரு என்று விழிப்பார். விசாரித்தால் அது வேறு டப்பாவாகத்தான் இருக்கும். இவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். இப்படி ஒரு மனிதரை விருந்துக்குக் கூப்பிடுவதற்கே பெரிய மனசு வேண்டும்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். குழாயில் ஊசியால் இழுத்த ரத்தம், சொட்டு மருந்து, எண்கள், ரிப்போர்ட். கையில் சுத்தம், கணக்கில் சுத்தம். அவர் கொடுத்த ரிப்போர்ட் தப்பு என்று யாரும் திரும்பி வந்ததில்லை. ஐம்பது வயது முடிந்த அன்று அவருக்கு ஒரு ஆசை வந்தது.

“நாள் முழுக்க அடுத்தவங்க ரத்தத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்தா நோய் நொடி இல்லாத உசிரு ஒண்ணைப் பாக்கணும்போல இருக்கு. உப்புத் தண்ணித் தொட்டி வெக்கலாமா? பவளம் வளர்க்கலாம்.”

பிள்ளைகள் இல்லாத வீடு. மனைவி வாய்விட்டுக் கேட்பது அபூர்வம். ஓகே அண்ணன் உடனே தலையாட்டினார். அதோடு நிறுத்தாமல் இலாகாவும் பிரித்துவிட்டார். “தண்ணி உன்னோடது. வெளிச்சம் என்னோடது. நான் தண்ணில கை வெக்க மாட்டேன், நீ வெளிச்சத்துல தலையிடக் கூடாது.”

“ஆகட்டும் மந்திரி அவர்களே,” என்று சிரித்தார் மனைவி. அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பவளம் வாடத் தொடங்கிய பிறகு சில மாதங்களுக்கு அது அந்த வீட்டில் கேட்கவில்லை.

தண்ணீர்தான் முதலில். இரண்டடி நீளத் தொட்டியில் உப்புக் கலந்து, கல் அடுக்கி, ஒன்றரை மாதம் சும்மா ஓடவிட்டு, சொட்டு மருந்து விட்டுச் சோதித்துச் சோதித்து, தண்ணீர் தயார் என்று மனைவி சொன்ன பிறகு இருவரும் விளக்கு வாங்கப் போனார்கள். கடையை நடத்தியது நாற்பது வயதுப் பெண். முழங்கை வரை ஈரமான கைகள், கழுத்தில் தொங்கும் துண்டு. கடை முழுவதும் தொட்டிகளின் முணுமுணுப்பு.

கடைக்காரம்மா மூன்று விளக்குகளைக் காட்டினார். முதலாவது, நீளமான குழல் விளக்குகள் நான்கு சேர்ந்தது. வெளிச்சம் சீராக விழும், ஆனால் கூட்டவோ குறைக்கவோ முடியாது, வருஷத்துக்கொரு முறை குழலை மாற்ற வேண்டும். இரண்டாவது, பெரிய தொட்டிக்காரர்கள் மாட்டுகிற தடியன். போட்டதும் கடையே வெளுத்தது. மூன்றாவது, ஒரு கை அகலத்தில் மெலிந்த எல்.இ.டி. விளக்கு. அதிலிருந்து ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. அதில் வெள்ளைக்கு ஒரு திருகு, நீலத்துக்கு ஒரு திருகு, எதை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்று காட்டும் எண்.

ஓகே அண்ணன் நேராகத் தடியனைக் காட்டினார். “இதுதான் வெளிச்சம். மத்தது எல்லாம் மங்கல்.”

“ரெண்டடித் தொட்டிக்கு அது எதுக்கு சார்? சூரியனையே கழட்டிக் கொண்டுபோய் மாட்டுற மாதிரி. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்தச் சின்னதே தாராளம்.” கடைக்காரம்மா மூன்றாவதை எடுத்து வைத்தார். “பவளம் தானா சமைச்சுச் சாப்பிடாது சார். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அதுதான் சமைக்கிற ஆளு. வெளிச்சம்தான் அடுப்பு. தீ போதலைன்னா பட்டினி. தீ அதிகமானா சமைக்கிற ஆளை அதுவே வெளிய தள்ளிடும். அப்புறம் நிறம் போயி வெளுத்து நிக்கும்.”

“சரி, எவ்வளவு வெக்கணும்?”

“நீலம் முப்பது, வெள்ளை பத்து. அதுலதான் ஆரம்பிக்கணும். ஏத்தணும்னு தோணினா வாரத்துக்கு ரெண்டோ மூணோ, அதுக்கு மேல வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். இன்னொண்ணு சார், கண்ணை நம்பாதீங்க. நமக்கு மங்கலா தெரிஞ்சாலும் அதுக்குப் போதும். கண்ணு பொய் சொல்லும்.”

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று பாவம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஓகே அண்ணனுக்குக் காது மடல் சூடானது. கண்ணை நம்பாதே என்று இருபத்தெட்டு வருஷத்தில் ஒருத்தர்கூட அவரிடம் சொன்னதில்லை. மனைவிதான் சிரித்துச் சமாளித்துச் சின்ன விளக்கைக் கட்டச் சொன்னார்.

பவளங்கள் மூன்று வந்தன. குட்டை குட்டையாக, காளான் குடை போலப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒன்று. சட்டைப் பொத்தான் அளவில் கொத்துக் கொத்தாக இருந்தது இன்னொன்று. மூன்றாவது மனைவி தானே தேர்ந்தெடுத்தது. கல் கிளைகளின் நுனியில் பச்சை மொட்டுகள் மாதிரி ஏழு வாய்கள். அதற்கு மொட்டு என்றே பெயரும் வைத்துவிட்டார். “மொட்டு எழுந்திரிச்சாச்சு,” “மொட்டு இன்னைக்கு உப்பியிருக்கு,” என்று காலையில் ஒரு செய்தி வாசிப்பு நடக்கும்.

ஓகே அண்ணன் விளக்கை மாட்டி, நீலம் முப்பது வைத்து, மூன்றடி தள்ளி நின்று பார்த்தார். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கடல் மாதிரி இருக்க வேண்டாமா? வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. நாற்பது வைத்தார். கொஞ்சம் தேவலை. மறுநாள் ஐம்பது. அந்த வாரக் கடைசியில் அறுபத்தைந்து. பத்தாவது நாள் எண்பத்தைந்தில் கொண்டுபோய் நிறுத்தி, “இப்பதான் நீலம்னா நீலம்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மனைவி கேட்கவில்லை. வெளிச்சம் அவர் இலாகா.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும். முழுக்கத் தெரியாது, ஆனால் தெரியும்.

வீட்டில் இரண்டு குடைகள், ஒரே கம்பெனி, ஒரே பிடி. அவருடையது கறுப்பு, மனைவியுடையது கருநீலம். அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை மனைவியின் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். “ரெண்டும் கறுப்புதானே?” என்று கேட்டதற்கு மனைவி, “வயசாயிடுச்சு உங்களுக்கு,” என்று சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

அச்சகத்தில் நிறம் பார்க்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு கண் சோதனை உண்டு. சின்னச் சின்ன நிற வட்டுகளைச் சாயல் படிப்படியாக மாறும்படி வரிசையாக அடுக்க வேண்டும். இந்த வருஷம் முதல் தடவை காய்ச்சல் என்றார். இரண்டாம் தடவை அவசர வேலை என்றார். நிஜம் என்னவென்றால், சோதனைப் பெட்டி அவர் மேஜையில்தான் இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது திறந்து பார்த்தார். சிவப்பு வரிசை நன்றாக இருந்தது. நீல வரிசையில் பாதி வட்டுகள் ஒன்று போலவே இருந்தன. மூடி வைத்துவிட்டு, கூடத்துக் குழல் விளக்குகள் பழசாகிவிட்டன என்று முதலாளிக்கு ஒரு சீட்டு எழுதினார். விளக்குகளை மாற்றினார்கள். வட்டுகள் மாறவில்லை. கண் போனால் ஓகே இல்லை, ஓகே இல்லையென்றால் அண்ணனும் இல்லை என்று அவர் நினைத்தார்.

மூன்றாவது வாரம் மொட்டின் ஏழு வாய்களில் இரண்டு சுருங்கின. காளான் ஓரங்கள் மடங்கின. மனைவி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“என்னங்க, மொட்டு வெளுத்துப்போச்சு.”

அவர் வந்து பார்த்தார். “கொஞ்சம் வெளுத்திருக்கு. பால்கோவா நிறம். அவ்வளவுதான்.”

“பால்கோவாவா? சுண்ணாம்பு மாதிரி இருக்குங்க!”

மனைவி கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேள்வி வந்தது. “அக்கா, வெளிச்சம் எவ்வளவுல இருக்கு? முப்பதுதானே?”

மனைவி கணவரைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கடையும் அந்த வார்த்தையும் ஞாபகம் வந்தது. கண்ணை நம்பாதீங்க.

“ஆமா ஆமா. நீங்க சொன்னபடிதான்,” என்றார் ஓகே அண்ணன்.

“அப்ப தண்ணியிலதான் ஏதோ இருக்கணும். இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்கக்கா.”

அந்த ஒரு சின்னப் பொய்யிலிருந்துதான் எல்லாம் கோணிக்கொண்டு போனது. மனைவி அன்றே குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து ஐந்து துளி விட்டு, குலுக்கி, நிற அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஊதா கலந்த கட்டத்தோடு பொருந்தியது. சரியான தண்ணீர். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “நீங்க ஒரு தடவை பாருங்களேன். நிறத்துல உங்களை மிஞ்ச யாரு?”

அவர் குழாயைத் தூக்கிப் பார்த்தார். ஊதாவே இல்லை. பழுப்பாகத்தான் இருந்தது. “இல்லியே. கீழ் கட்டம்தான் இது. தண்ணி கெட்டிருக்கு.”

மனைவி தன் கண்ணை விட அவர் கண்ணைத்தான் நம்பினார். முப்பது வருஷ இல்வாழ்க்கையின் பழக்கம் அது. வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினார். உப்பை எடை போட்டுக் கலந்தார், மருந்து சேர்த்தார், மறுபடி சோதித்தார். ஒவ்வொரு சோதனையிலும் தனக்குச் சரியாகத் தெரிவதும் கணவருக்குத் தப்பாகத் தெரிவதும் அவரை அரித்தது. விரல் நுனிகள் உப்பில் வெடித்துவிட்டன. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். பரிசோதனை நிலையத்தில் ஒரே ரத்தத்தை இரண்டு தடவை, மூன்று தடவை சோதிக்கத் தொடங்கினார். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, “உங்களுக்கு என்னாச்சு?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மனைவி சொன்னார்: “என் கையே எனக்கு நம்பிக்கையா இல்லீங்க. ரெண்டு வாளி உப்புத் தண்ணியைச் சரியா வெச்சுக்கத் தெரியல, நான் ஊராருக்கு ரத்தம் பாக்கறேன்.”

அந்த நிமிஷத்தில் அவர் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “விடும்மா. சரியாயிடும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அவர் மேல் எவ்வளவோ பரிவு உண்டு, ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நாலு அறை அறையலாம் என்று தோன்றும்.

அச்சகத்திலும் அதே சமயம் ஒரு வெடி வெடித்தது. மருந்துக் கம்பெனி ஒன்று அட்டைப்பெட்டிகளை அப்படியே திருப்பி அனுப்பியது. வெளிர் நீலமாக இருக்க வேண்டிய பட்டை, மை கொட்டினாற்போல இருந்ததாம். முதலாளி தாளைத் தூக்கி மேஜையில் போட்டார். ஓரத்தில் பளிச்சென்று ‘ஓகே’.

அந்த வேலை நடந்த நாள் ஓகே அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மை கலக்குகிற மைக்காரர் அமைதியானவர், பன்னிரண்டு வருஷமாகத் தராசும் டப்பாவுமாக வாழ்கிறவர். அன்று ஓகே அண்ணன், மாதிரித் தாளே மங்கிப்போயிருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, “நீலம் பத்தல, போடு,” என்றார். மைக்காரர் டப்பாவைக் கொண்டுபோய்க் கலக்கிக் கொண்டுவந்தார். “இன்னும் பத்தல.” மறுபடி கொண்டுவந்தார். “என்னய்யா கஞ்சத்தனம் பண்றே?” என்று டப்பாவைப் பிடுங்கி நீல மையைத் தன் கையாலேயே ஊற்றினார் ஓகே அண்ணன்.

இப்போது முதலாளி கேட்டார்: “எப்படிய்யா ஆச்சு?”

“கலவையில தப்பு நடந்திருக்கு,” என்றார் ஓகே அண்ணன். எந்தக் கை நடத்திய தப்பு என்று சொல்லவில்லை.

மைக்காரர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறந்தார். ஓகே அண்ணன் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மறுநாளிலிருந்து அவருக்குப் பெட்டி மடிக்கிற பிரிவில் வேலை.

இப்படி வீட்டில் ஒருத்தர், வேலையில் ஒருத்தர், இரண்டு பேர் இவருடைய கண்ணுக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டைக் காலர் தொளதொளத்தது. ஆனாலும் ‘ஓகே’ போடுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்காரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி போனில் அழுததைக் கேட்டு மனசு பொறுக்காமல் வந்திருந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து நீளமான கம்பி, கம்பி நுனியில் வெள்ளைப் பொத்தான். தண்ணீருக்குள் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கும் கருவி அது. தொட்டி இருந்த அறைக்குள் காலை வைத்ததும் சட்டென்று கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

“ஐயோ, என்னக்கா இது? வெல்டிங் பட்டறை மாதிரி இருக்கு!”

மனைவி குழம்பிப்போனார். “இப்படித்தானே இருக்கணும்?”

“உங்களுக்குக் கண்ணு கூசலையாக்கா?”

“கூசுது. அதனாலதான் தொட்டிப் பக்கம் முதுகைக் காட்டி உக்காருவேன். தண்ணி மாத்தும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்குவேன்.” ஜன்னல் ஓரத்தில் இருந்த கண்ணாடியைக் காட்டினார். “வெளிச்சம் அவரோட வேலை. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு கேக்கல.”

கடைக்காரம்மா கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு மொட்டின் பக்கத்தில் பிடித்தார். “எழுபது எண்பது இருந்தா போதும். இங்க இருநூத்தி அம்பதைத் தாண்டுது.” குனிந்து விளக்கின் சின்னப் பெட்டியைப் பார்த்தார். நீலம் எண்பத்தைந்து.

கடைக்காரம்மா அனுபவசாலி. எத்தனையோ வீட்டுக் கூடங்களில் எத்தனையோ புருஷன் பெண்டாட்டி முகங்களைப் பார்த்தவர். மெதுவாக ஒரு வழி விட்டார். “துடைக்கும்போது கை பட்டு திருகு நகர்ந்திருக்கும். நிறைய வீட்டுல நடக்கும்.”

மனைவி முகம் சுண்டிப்போனது. “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்கை நான்தான் துடைக்கிறேன். அப்ப நானா? அதையும் நான்தான் பண்ணிட்டேனா?”

ஓகே அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். தப்பித்துக்கொள்ள வழி தானாகத் திறந்து கிடந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மனைவி வெடித்த விரல்களால் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு, அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக நின்றார். அவர் அறைக்குள் ஓரடி வைத்தார்.

“நீ இல்ல. நான்தான் ஏத்தினேன்.”

“நீங்களா? முப்பதுன்னு சொன்னீங்களே போன்ல?”

“பொய் சொன்னேன்.” சுவரைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு நீலம் தெரியலம்மா. ஒரு வருஷமா தெரியல. முப்பதுல வெச்சா வைக்கோல் தண்ணி மாதிரி இருந்துச்சு. உன் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கெட்டுதுன்னு சொன்னேன்.”

மனைவி அழுவார் என்று அவர் எதிர்பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தார். மனைவி நேராக விளக்குப் பெட்டியிடம் போய், நீலத் திருகை முப்பதுக்குத் திருப்பினார். பிறகு திரும்பி, “ஒரு மாசமா நான் என் கையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரம்மா கம்பியைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினார்.

திங்கட்கிழமை ஓகே அண்ணன் முதலாளி அறைக்குள் போய் உட்காராமலே சொன்னார். “மருந்துப் பெட்டிக்கு மை ஊத்தினது நான். மைக்காரன் மேல தப்பில்ல. என் கண்ணுல கோளாறு இருக்கு. ஒரு வருஷமா இருக்கு. சோதனைக்கு வராம டபாய்ச்சேன்.”

முதலாளிக்கு முதலில் வந்தது பயம். ஒரு வருஷம்! இந்த ஒரு வருஷத்தில் அச்சடித்த தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவரச் சொன்னார். தானும் மேலாளருமாக உட்கார்ந்து மாதிரியோடு ஒப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பார்த்தார்கள். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாம் சரியாத்தான்யா இருக்கு. கெட்டது இந்த மருந்துப் பெட்டி ஒண்ணுதான். கண்ணு தெரியாம எப்படிய்யா இத்தனை சரியாப் போட்டே?”

ஓகே அண்ணனுக்கே விளங்கவில்லை. மைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் பெட்டி மடித்த கையோடு, விரலில் பசையோடு வந்து நின்றார். கேட்டதற்குத் தரையைப் பார்த்தார்.

“அண்ணன் நீலம் போடும்பாரு. நான் டப்பாவைக் கொண்டுபோவேன்.”

“கொண்டுபோய்?”

“சும்மா கிண்டுவேன்.”

“போட மாட்டியா?”

“போட மாட்டேன். நல்லாக் கிண்டிட்டு, திரும்ப ஒரு தாள் ஓட்டிக் கொண்டாந்து வெப்பேன். அண்ணன் பாத்துட்டு, ‘ஆங், இப்ப சரி’ன்னு கையெழுத்துப் போடுவாரு.” தலையைச் சொறிந்தார். “அன்னைக்குத்தான் டப்பாவைப் பிடுங்கிட்டாரு.”

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார். ஓகே அண்ணன் மைக்காரரின் பசை ஒட்டிய விரல்களைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷப் பெயரில் கடைசி ஒரு வருஷம் இந்த மனிதன் டப்பாவைக் கிண்டிக் கிண்டிக் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்குப் பதிலாக இவர் கொடுத்தது பெட்டி மடிக்கிற வேலை.

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?” என்றார்.

“உங்ககிட்ட வந்து உங்க கண்ணு சரியில்லன்னு எப்படிண்ணே சொல்றது?” என்றார் மைக்காரர். அதே கேள்வியைத்தான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் ஒருத்தர் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவருக்கு உறைத்தது. இப்படித் தன்னிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாத மனிதனாக எப்போது ஆனோம் என்று யோசித்தார். தேதி கிடைக்கவில்லை.

மைக்காரர் அன்றே தராசுக்குத் திரும்பினார். லைட் பெட்டியும் பேனாவும் மேலாளரிடம் போயின. ஓகே அண்ணனுக்கு விடுப்பு.

கண் மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்திப்போச்சு. இத்தனை நாளா மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் உலகத்தைப் பாத்திருக்கீங்க,” என்றார். சீக்கிரமே வந்திருக்கலாமே என்றும் கேட்டார். முதலில் வலது கண், ஒன்றரை மாதம் கழித்து இடது கண் என்று முடிவானது.

அதற்குள் தொட்டியில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. பொத்தான்கள் பிழைத்துக்கொண்டன. காளான் பாதி அளவுக்குச் சுருங்கினாலும் உயிரோடு இருந்தது. மொட்டு பிழைக்கவில்லை. ஏழு வாய்களும் ஒவ்வொன்றாகக் கரைந்து, கல் கிளை மட்டும் மிஞ்சியது. மனைவி அதை வெளியே எடுத்து, கழுவி, வெயிலில் காயவைத்து, தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இருவருக்கும் இடையே பேச்சு இருந்தது. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, கதவைச் சாத்துங்க. அதற்கு மேல் இல்லை.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று மனைவிதான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் அவர் குழந்தை மாதிரி எதையாவது காட்டிக்கொண்டே வந்தார். வானத்தைப் பார்த்து நின்றே விட்டார். வாசலில் மாட்டியிருந்த குடைகளைப் பார்த்ததும் ஒன்றைத் தொட்டு, “இது உன்னோடது,” என்றார். சரியாகச் சொன்னார். மனைவி தலையசைத்தார், சிரிக்கவில்லை.

உள்ளே வந்து தொட்டி முன்னால் நின்றார். நீலம் முப்பது. அந்த அறையில் இவ்வளவு நீலம் இருந்ததா! வைக்கோல் தண்ணீர் என்று இதையா சொன்னோம்? முப்பதே இப்படியென்றால் எண்பத்தைந்து எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது. அந்த வெளிச்சத்தில் இவள் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அலமாரியைப் பார்த்தார். மொட்டின் எலும்பைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். புதுக் கண்ணை மூடி, பழைய கண்ணால் பார்த்தார். பால்கோவா நிறம். பழைய கண்ணை மூடிக்கொண்டு புதுக் கண்ணால் பார்த்தார். மறுபடி பழையது. மறுபடி புதியது. மனைவி வாசல்படியில் நின்று அவர் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு வெள்ளையா?” என்றார். கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அவரால் அடக்க முடியவில்லை. “இவ்வளவு வெள்ளையா இருந்துச்சு?”

மனைவி வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். முந்தானையால் அவர் கன்னத்தை, கண்ணில் படாமல், கவனமாகத் துடைத்தார்.

“அன்னைக்கே இதைத்தாங்க சொன்னேன்,” என்றார்.